நிறத்தை மட்டும் பார்த்துக் கடல்மீன் வாங்கலாமா?

அலங்கார மீன் கடைக்குள் நுழைபவர்களின் கண்ணை முதலில் இழுப்பவை நீல விளக்கொளியில் நீந்தும் கடல்மீன்கள்தான். ஆரஞ்சு, ஊதா, மஞ்சள், கருநீலம் என்று அவற்றுக்கு இருக்கும் பளிச்சென்ற நிறம் நன்னீர் மீன்களுக்கு அவ்வளவாக இல்லை. வீட்டு வரவேற்பறையில் அப்படி ஒரு சிறிய தொட்டி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால், நிறத்தை மட்டும் பார்த்து வாங்கப்படும் மீன்களில் பல சில வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன. பணம் வீணாவதோடு, பவளப்பாறையில் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டிய ஓர் உயிரும் வீணாகிறது.

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? என்ன சாப்பிடும்? மற்ற மீன்களுடன் ஒத்துப்போகுமா? எங்கிருந்து வந்தது? நிறம் ஐந்தாவது கேள்வியாக இருப்பதே நல்லது.

எவ்வளவு வளரும்?

2 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் கல்லும் மணலும் போக ஏறக்குறைய 100 லிட்டர் நீர் நிற்கும். கடல்மீன் வளர்ப்பில் இது சிறிய தொட்டி. இதில் சிறிய மீன்களாக நான்கு அல்லது ஐந்து வரை வளர்க்கலாம்.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தால் இரண்டு மீன்கள் புகழ்பெற்றன. 'நீமோ' என்று பிள்ளைகள் அழைக்கும் கோமாளி மீன் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரைதான் வளரும். 'டோரி' என்று அழைக்கப்படும் நீல டாங் மீனோ 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது; நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருக்கும். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் டோரி, சிறிய தொட்டியில் வளர இடமின்றி நோயில் விழும். அதற்குச் சிறிய தொட்டி ஏற்றதன்று.

என்ன சாப்பிடும்?

நீலமும் ஆரஞ்சும் கலந்து பட்டுத்துணிபோல் மின்னும் மாண்டரின் மீன் 6 முதல் 8 சென்டிமீட்டர் அளவே இருக்கும். ஆகவே சிறிய தொட்டிக்கு ஏற்றது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால், அது கல் இடுக்கில் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிறால்களை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழும் மீன். சிறிய தொட்டியில் இருக்கும் நுண்ணிறால்கள் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கடையில் விற்கும் உலர்தீனியைப் பெரும்பாலான மாண்டரின் மீன்கள் தொடுவதில்லை. பார்வைக்கு அழகாக இருந்துகொண்டே மெல்ல மெல்லப் பட்டினியால் இறக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகைகள் பவள உயிர்களையே உணவாகக் கொள்பவை. அவற்றின் கதியும் இதுதான்.

இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. பணம் கொடுக்கும் முன், மீனுக்குத் தீனி போட்டுக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்கலாம். ஓடிவந்து சாப்பிடும் மீனை வாங்கலாம். மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சுவாங்கும் மீனையும் வயிறு ஒட்டிய மீனையும் விட்டுவிடுவதே சரி.

ஒத்துப்போகுமா?

நீல நிற டேம்சல் மீன் விலை மலிவு, எளிதில் இறக்காது. அதனாலேயே புதியவர்கள் முதலில் அதை வாங்குகிறார்கள். ஆனால், அது தொட்டி முழுவதையும் தன் இடமாக எண்ணிப் பின்னால் வரும் மீன்களை விரட்டிக் கடிக்கும். கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் அதைப் பிறகு பிடித்து வெளியேற்றுவதும் பெரும்பாடு.

கோமாளி மீன்களை இரண்டாக வாங்குவது நல்லது. அவை பிறக்கும்போது ஆணாகவும் இல்லை, பெண்ணாகவும் இல்லை. வளர்ந்து முதலில் ஆணாகும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது அதன் துணையாகும். ஆகவே ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும்படி இரண்டு இளமீன்களை ஒன்றாக விட்டால் சண்டை குறையும். கடற்சாமந்தி இல்லாமலேயே அவை தொட்டியில் நலமாக வாழும்.

அவற்றோடு, மணலில் குழிதோண்டி வாழும் மஞ்சள் கோபி மீன் ஒன்றைச் சேர்க்கலாம். முன்பாதி ஊதாவும் பின்பாதி மஞ்சளுமான ராயல் கிராமாவும் ஏற்றதே. வெண்ணிற உடலும் சிவந்த வாலும் கொண்ட ஃபயர் ஃபிஷ் சாதுவானது; ஆனால் மிரண்டால் துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு வலைமூடி அவசியம். நிறம் மீனிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிவப்பும் வெள்ளையுமான துப்புரவு இறால் ஒன்றே தொட்டிக்குத் தனிக் களை தரும்.

எங்கிருந்து வந்தது?

கடைகளில் விற்கும் கடல்மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. அவற்றில் பல இந்தோனேசிய, பிலிப்பீன்ஸ் பவளப்பாறைகளிலிருந்து வருகின்றன. அங்கு சயனைடு கரைசலைக் கல் இடுக்கில் பீய்ச்சி மீனை மயங்கச் செய்து பிடிக்கும் முறை 1960களில் தொடங்கியது. சட்டம் தடை செய்தும் அது முற்றாக ஒழியவில்லை. நஞ்சு பட்ட பவளம் இறந்துவிடுகிறது. மீனோ மயக்கம் தெளிந்து கடைவரை வந்து, வாங்கியவர் வீட்டில் சில வாரங்கள் கழித்து இறக்கலாம். அது ஏன் இறந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

வெள்ளியுடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட பாங்காய் கார்டினல் மீன், இயற்கையில் இந்தோனேசியாவின் சுலாவேசியை அடுத்த பாங்காய் தீவுப் பகுதிக்கே உரியது. 1990களில் அலங்கார மீன் வணிகத்திற்காக அது பெருமளவில் பிடிக்கப்பட்டது. 2007இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தது. இத்தனைக்கும் அது தொட்டியில் எளிதாக இனம்பெருகும் மீன். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்துக் குஞ்சு பொரிக்கும்.

ஆகவே பாங்காய் கார்டினல், கோமாளி மீன் போன்றவற்றை வாங்கும்போது பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்க வேண்டும். விலை சில வெள்ளி கூடலாம். ஆனால் அவை தொட்டி வாழ்க்கைக்கும் உலர்தீனிக்கும் ஏற்கெனவே பழகியவை.

நீர் தயாராக வேண்டும்

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கக் கூடாது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சு. அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பரிசோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே முதல் மீன். அதன்பின் ஒவ்வொரு மீனுக்கும் இடையே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

குழாய் நீரில் இருக்கும் குளோரின், குளோரமின் ஆகியவற்றை நீக்கிய பிறகே கடலுப்பைக் கலக்க வேண்டும். உப்பின் அளவு 1.025ஐ ஒட்டி இருப்பது நல்லது. வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் போதும். மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் விளக்குச் சூட்டோடு அது 30ஐத் தாண்டிவிடும். நீர்மேல் சிறு மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். அப்போது நீர்தான் ஆவியாகுமே தவிர உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை நல்ல நீரால் நிரப்ப வேண்டும். உப்பு நீரால் நிரப்பினால் தொட்டி நாளுக்கு நாள் கரிக்கும்.

இவ்வளவு பொறுமை இருப்பவர் வீட்டில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் பத்தாண்டுக்கு மேலும் வாழும். இன்று தொட்டி முன் நிற்கும் பிள்ளை இடைநிலைப் பள்ளியை முடிக்கும்போதும் அவை அங்கே நீந்திக்கொண்டிருக்கும்.