லண்டன் தட்டில் ஊர்ப் பெயர். நம் மூட்டையில் எங்கே?

லண்டனில் நாட்டிங் ஹில் என்றொரு வட்டாரம் இருக்கிறது. வசதி படைத்தவர்கள் குடியிருக்கும் பகுதி. அங்கே 2017-ல் கிளேர் ஸ்மித் என்ற சமையல் கலைஞர் தொடங்கிய ‘கோர்’ உணவகத்தில் முழுச் சாப்பாடு சாப்பிட ஆளுக்கு 200 பவுண்டுக்கு மேல் ஆகும். நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். அந்த உணவகத்தில் அதிகம் பேசப்படுவது கறியும் அல்ல, மீனும் அல்ல, ஓர் உருளைக்கிழங்கு. சார்லட் என்ற ரகக் கிழங்கைக் கடல்பாசியோடு பக்குவமாக வேகவைத்து, வெண்ணெய்ச் சாறு ஊற்றி, மேலே மீன் சினை வைத்துத் தருகிறார்கள். இன்னொரு பதார்த்தத்தில் நாயகன் கேரட். ஆட்டிறைச்சியோடு சேர்ந்து வெந்த கேரட்தான் தட்டின் நடுவில் இருக்கும். கறி அதற்குத் துணை.

கிளேர் ஸ்மித் வட அயர்லாந்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அந்தப் பக்கத்தில் கிழங்குதான் அன்றாடச் சாப்பாடு. அதையே உச்ச விலைத் தட்டில் ஏற்றிய இந்த உணவகத்துக்கு 2021-ல் மூன்று மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. சமையல் உலகில் அதற்கு மேல் மரியாதை இல்லை. அந்த நட்சத்திரத்தைக் கொடுப்பது டயர் விற்கும் மிஷெலின் கம்பெனிதான் என்பது தனிக்கதை.

இரவு வண்டியில் கத்தரிக்காயை ஏற்றி கோயம்பேட்டுக்கு அனுப்பிவிட்டு, மண்டியில் என்ன விலை போட்டார்கள் என்று காலையில் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் திருத்தணி, பள்ளிப்பட்டு விவசாயிக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். அங்கே கிழங்குக்கு ரகத்தின் பெயர் இருக்கிறது, சிப்பிக்குத் தீவின் பெயர் இருக்கிறது, கீரைக்குப் பருவம் இருக்கிறது. அந்தப் பெயருக்குத்தான் காசு. நம் சரக்கோ ஊர் எல்லையைத் தாண்டும்போதே பெயரை உதிர்த்துவிட்டுப் போகிறது.

ரேஷனில் தொலைந்த ருசி

பிரிட்டன்காரர்கள் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் சமையல் என்றாலே ஐரோப்பாவில் கேலிப் பேச்சுதான். பெரிய ஓட்டல்களின் பட்டியலில் பிரெஞ்சுப் பெயர்களே இருந்தன. இரண்டாம் உலகப் போர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1940-ல் தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலையில்தான் முழுமையாக முடிந்தது. அந்தக் காலத்தில் கறவைக்காரர்களின் பால் பெரும்பாலும் ஒரே வகைப் பாலாடைக்கட்டியாக மாற்றப்பட்டது. ‘கவர்ன்மென்ட் செடார்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஊருக்கு ஊர் இருந்த பாலாடைக்கட்டி வகைகள் பல அதில் அழிந்தன. பசித்த நாட்டுக்கு அது தேவைப்பட்டது என்பதும் உண்மை.

நமக்கும் இது பழக்கமான சங்கதிதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே பெயர்: சன்ன ரகம், பொது ரகம். எந்த ஊர், எந்த ரகம், தொழு உரம் போட்டதா என்பதற்கு அங்கே இடமில்லை. உறுதியான விலை கிடைக்கிறது. அதை யாரும் விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வேண்டும் என்றால் பெயர் வேண்டும்.

பிரிட்டனில் மாற்றம் மெல்ல வந்தது. 1979-ல் லண்டன் காவென்ட் கார்டன் பகுதியில் ‘நீல்ஸ் யார்ட் டெய்ரி’ என்ற கடை தொடங்கியது. பண்ணைப் பாலாடைக்கட்டியைச் செய்தவர் யார், எந்த ஊர் என்று சொல்லி விற்பது அதன் பழக்கமானது. 1984-ல் நாட்டிங் ஹில்லை ஒட்டிய கென்சிங்டன் சர்ச் தெருவில் சாலி கிளார்க் என்ற பெண்மணி உணவகம் திறந்தார். அங்கே பல ஆண்டுகள் இரவுச் சாப்பாட்டில் வாடிக்கையாளருக்குத் தேர்வே கிடையாது. அன்றைக்கு நல்லதாக எது வந்ததோ அதைச் சமைத்தார்கள், வந்தவர்கள் சாப்பிட்டார்கள். கிட்டத்தட்ட நம் ஊர் மெஸ் மாதிரிதான். 1987-ல் அதே பகுதியில் ‘கென்சிங்டன் பிளேஸ்’, 2005-ல் ‘லெட்பரி’, பிறகு ‘கோர்’. ஒரே வட்டாரத்தில் நடந்து போகும் தூரத்தில் வரிசையாக வந்தன.

அந்த வட்டாரத்தின் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பேர்பெற்ற போர்ட்டபெல்லோ சாலை, ஒரு பண்ணையின் பெயரால் வந்தது. அதன் மேற்கு ஓரத்தில் 19-ம் நூற்றாண்டில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம் இருந்தன. ஓட்டல் எச்சில் கழிவைத் தின்று வளர்ந்த பன்றிகள். இன்று அதே மண்ணில் சதுர அடிக்குக் கோடீஸ்வரர் விலை.

சந்தையும் சட்டமும்

உணவகம் மட்டும் இதைச் செய்யவில்லை. 1999 ஜூனில் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் முதல் விவசாயிகள் சந்தை தொடங்கியது. பின்னர் நாட்டிங் ஹில்லுக்கும் வந்தது. லண்டன் வெளிவட்டச் சாலையிலிருந்து 100 மைல், அதாவது 160 கிலோமீட்டருக்குள் விளைவித்தவர் மட்டுமே அங்கே விற்கலாம், வியாபாரிக்கு இடமில்லை. அதே 1999-ல்தான், நவம்பர் 14 அன்று, மதுரையில் நம் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. திருத்தணியிலும் உழவர் சந்தை இருக்கிறது. திருத்தணியிலிருந்து சென்னை 85 கிலோமீட்டர் சொச்சம். லண்டன் கணக்குப்படி பார்த்தால் பாதித் தூரம்தான்.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் வாங்கினார்கள். ஜெர்சி என்ற சிறு தீவில் 1880 வாக்கில் ஹியூ டி லா ஹே என்ற விவசாயி, நிறைய முளைக்கண் கொண்ட ஒரு பெரிய கிழங்கை வெட்டி நட்டார். ஒரு செடியில் மட்டும் வித்தியாசமாகச் சிறுநீரக வடிவத்தில் கிழங்கு வந்தது. அதுதான் இன்றைய ‘ஜெர்சி ராயல்’. சரிவான நிலத்தில், கடல்பாசியை உரமாகப் போட்டு வளர்ப்பது அங்கே வழக்கம். இன்று அந்தத் தீவில் விளைந்தால் மட்டுமே அந்தப் பெயரில் விற்க முடியும். யார்க்ஷயரில் ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடி இருக்கிறது. வயலில் இரண்டு ஆண்டு வளர்த்துக் கிழங்கில் சத்தைச் சேர்த்து, உறைபனி பட்டபின் பிடுங்கி இருட்டுக் கொட்டகைக்குள் நடுகிறார்கள். வெளிச்சம் தேடித் தண்டு இளஞ்சிவப்பாக நீளும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் அறுவடை. 2010-ல் அதற்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு கிடைத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை லண்டன் உணவகங்களில் அதன் ராஜ்ஜியம்.

நல்லி எலும்பின் பயணம்

1994-ல் லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு அருகில் ஃபெர்கஸ் ஹெண்டர்சன் ‘செயின்ட் ஜான்’ உணவகத்தைத் தொடங்கினார். மூக்கு முதல் வால் வரை எதையும் வீணாக்காமல் சமைப்பது அவர் கொள்கை. வறுத்த நல்லி எலும்போடு பார்ஸ்லி இலை என்பதுதான் அவருடைய அடையாளப் பதார்த்தம். படித்தவுடன் சிரிப்பு வருகிறது. தலைக்கறி, குடல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், கால் சூப் என்று ஆட்டில் எதையும் விடாத ஊர்க்காரர்களுக்கு இது புதிதா? 2015-ல் லண்டன் சோஹோவில் திறந்த இலங்கை, தமிழ்நாட்டு வகை உணவகமான ‘ஹாப்பர்ஸ்’ பட்டியலில் நல்லி எலும்பு ‘வறுவல்’ என்ற நம் சொல்லோடே இடம்பிடித்தது. ஆப்பத்தின் ஆங்கிலப் பெயர்தான் அந்தக் கடையின் பெயரே.

ஆடு வளர்ப்பவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடைக்கறிக்கு மட்டும் விலை கேட்கும் வாடிக்கையாளரைவிட, முழு ஆட்டையும் கணக்குப் போட்டு வாங்கும் சமையல்காரர் வளர்ப்பவருக்கு லாபமானவர்.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

திருவள்ளூர் அருகே திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். ரகங்கள் அங்கே பிறந்தவை. அந்த மூன்று எழுத்தும் திரூர்குப்பம் என்ற ஊர்ப் பெயரின் சுருக்கம். டி.கே.எம். 6 தண்டுத் துளைப்பானைத் தாங்கும் ரகம் என்பதால், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெற்றோராக வைத்து ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கியது. ஒரு தலைமுறைக்கே தெரிந்த ஐ.ஆர். 20-ன் தாய்வீடு நம் மாவட்டம். டி.கே.எம். 9 சிவப்பு அரிசி, டி.கே.எம். 13 சன்ன அரிசி. இவ்வளவு வரலாறு உள்ள நெல், அரிசி ஆலைக்குள் போய் வெளியே வரும்போது ஏதோ ஒரு பிராண்டின் படம் போட்ட மூட்டையாகிவிடுகிறது. 1950-களில் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி. தலைமையில் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் சேர்ந்த ஊர் திருத்தணி. ஊர்ப் பெயரின் அருமை இவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயர் இல்லாத சரக்கின் கதி என்ன என்பதை 2025 ஜூனில் மாம்பழம் காட்டியது. சித்தூர் பக்கத்துக் கூழ் ஆலைகளை நம்பியிருந்த பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அது ஆந்திர விவசாயிக்குத்தான். வெளிமாநில மாங்காய் வராதபடி தமிழ்நாடு, கர்நாடக எல்லைச் சோதனைச்சாவடிகளில் ஆட்களை நிறுத்தினார்கள். கூழாகப் போகிற காய்க்கு எந்தத் தோப்பு என்ற கேள்வியே இல்லை. ஆலை கதவை மூடினால் வேறு கதவும் இல்லை. பங்கனப்பள்ளிக்கோ 2017-லேயே ஆந்திரம் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் கிடைத்தது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். தென்னிந்தியச் சமையலைப் புதுவிதமாகப் பரிமாறும் ‘ஆவர்த்தனா’ உணவகம் இருப்பதும் அதே கிண்டியில், ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில்தான்.

ஆசையில் விழ வேண்டாம்

இதைப் படித்துவிட்டு நாளையே நட்சத்திர ஓட்டல் வாசலில் நிற்கச் சொல்லவில்லை. ஐம்பது சொச்சம் பேர் அமரும் உணவகத்தில் ஆளுக்கு ஒரு கிழங்கு என்றால் ஒரு வேளைக்கு ஐந்து கிலோ. அரைச் சிப்பம்கூட இல்லை. அளவு, நிறம், முற்றல் எல்லாம் ஒரே மாதிரி கேட்பார்கள். கழித்தது திரும்பி வரும். மண்டியில் அன்றே கைக்கு வரும் பணம், ஓட்டலில் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போகும். லெட்பரி உணவகம் 2020-ல் கொரோனாவில் மூடி, 2022-ல்தான் மீண்டும் திறந்தது. அதை மட்டும் நம்பிப் பயிர் வைத்தவர் அந்த இரண்டு ஆண்டு என்ன செய்திருப்பார்? விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பெயரோடு விற்பது, மீதியை வழக்கமான வழியில் விடுவது என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. தனி ஆளாகவும் முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் நாலைந்து பேர் முறைவைத்து அனுப்பினால்தான் தினசரி சப்ளை தடைபடாது.

உண்மையில் திருத்தணிக்காரருக்கு வாடிக்கையாளர் சென்னையில்கூட இல்லை, வாசலிலேயே இருக்கிறார். மலைக்கோயிலின் 365 படி ஏற வருபவர்கள், சென்னை-திருப்பதி சாலையில் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துபவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் ஊர் அரிசியைத்தான் சாப்பிட்டுப் போகிறார்கள். சாலையோர மெஸ்ஸில் ‘இன்றைய சாதம்: டி.கே.எம். 13, விளைந்த ஊர் இன்னது’ என்று ஒரு கரும்பலகை எழுத சாக்பீஸ் செலவுதான் ஆகும். கீழே ஒரு கிலோ, ஐந்து கிலோ பையும் வைத்தால் போகிற வழியில் வாங்கிப் போவார்கள்.

வேளாண் அலுவலர்கள் முன்வந்து ஒரு மெஸ், ஐந்து விவசாயி என்று சேர்த்துவைத்தால் தொடங்கிவிடலாம். ரகத் தேர்வுக்கும் விதைக்கும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். ஆண்டில் பெரிய கூட்டம் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு வருவது. நவரைப் பட்டத்தில் சித்திரை வாக்கில் அறுத்த நெல்லை ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழ் வரக் காயவைத்து, ரகம் கலக்காமல் தனிச் சாக்கில் ஊர்ப் பெயர் எழுதி அடுக்கினால், ஆடியில் அரைக்கும்போது மூன்று மாதப் பழைய அரிசி. சாதம் குழையாது.