பழைய கூட்டுக்குப் புதிய சாளரம்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோருக்குக் கறளைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வாயிற்கதவின் கீல் முதல் மிதிவண்டியின் சங்கிலி வரை இரும்பாலான யாவற்றையும் கடலின் உப்புக் காற்று மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றது. வீட்டின் மூலையிலே கிடக்கும் பழைய கணினியின் இரும்புக் கூடும் இவ்விதிக்கு விலக்கன்று. பக்கத் தகட்டின் வர்ணம் பொரிந்து, விளிம்பிலே செம்மை படர்ந்ததும், அதனைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் தள்ளிவிடுவதே பல குடும்பங்களின் வழக்கம். அவ்வாறு தள்ளுமுன் சற்றுச் சிந்திக்கும்படி வாசகர்களை வேண்டுகின்றோம். பழுதுற்ற அத்தகட்டைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் அக்ரிலிக் தகடொன்றைத் தம் கையாலேயே அறுத்துப் பொருத்த நம் மாணாக்கர் பழகுவாராயின், குடும்பத்துக்குப் பணம் மிஞ்சும். மாணாக்கருக்கு அறிவு மிஞ்சும்.

கூட்டின் அளவு பழையதாவதில்லை

கணினியின் உள்ளுறுப்புகள் விரைவில் மூப்படைகின்றன. ஆனால் வியாபாரிகள் 'கேசிங்' என்று அழைக்கும் வெளிக்கூட்டின் கதை வேறு. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 'ஏ.ரி.எக்ஸ்.' என்னும் பொது அளவுமுறையொன்றை வெளியிட்டது. அதன்படி தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அதைத் தாங்கும் திருகாணித் துளைகள் இன்னின்ன இடத்தில் அமைய வேண்டுமென்பதும் வரையறுக்கப்பட்டது. இன்றும் மேசைக் கணினிகளுள் மிகப் பல இவ்வளவையோ, இதனைச் சுருக்கிய அளவையோ தழுவியே செய்யப்படுகின்றன. ஆதலால், 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கூட்டினுள் இன்று வாங்கும் தாய்ப்பலகையைப் பெரும்பாலும் தடையின்றிப் பொருத்தலாம். நீண்ட வரைவியல் அட்டைகள் சில உள்ளே அடங்கா. பழைய மின்வழங்கியும் புதிய உறுப்புகளுக்குப் போதாதிருக்கலாம். இவ்விரண்டையும் அளந்தும் விசாரித்தும் கொண்டால், கூட்டைக் கழிப்பதற்கு வேறு காரணம் அரிது.

கூட்டைத் தாமே செய்துகொள்வது புதுமையான வழக்கமுமன்று. 1976இல் ஆப்பிள் நிறுவனம் விற்ற முதற் கணினி கூடேயில்லாத வெறும் பலகையாகவே வந்தது. ஏறக்குறைய 200 மட்டுமே செய்யப்பட்ட அக்கணினியை வாங்கியவர்கள் தத்தமக்கு வேண்டிய பெட்டியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சிலர் மரத்தினாற் செய்து கொண்டனர். பின்னர் 1998இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஐமாக் என்னும் கணினி, உள்ளுறுப்புகள் மங்கலாகத் தெரியும் வண்ணக் கூட்டுடன் வந்து உலகத்தாரின் கண்ணைக் கவர்ந்தது. அதே காலத்தில் பல நாட்டு இளைஞர்கள் தங்கள் இரும்புக் கூட்டின் பக்கத்தை அறுத்து அக்ரிலிக் சாளரம் வைக்கலாயினர். இன்று தொழிற்சாலைகளே கண்ணாடிப் பக்கமுடைய கூடுகளை ஆயிரக்கணக்கிற் செய்து விற்கின்றன. கை முதலில் செய்ததைத் தொழிற்சாலை பின்னர் கற்றுக்கொண்டது எனலாம்.

சீனன்குடாவும் பெர்ஸ்பெக்சும்

நாம் கூறும் அக்ரிலிக் என்பது யாது? கண்ணாடி போன்று ஒளியூடுருவும் ஒருவகைப் பிளாஸ்டிக். 1933இல் ஜேர்மனியில் ஒட்டோ ரோம் என்பாரின் நிறுவனம் இதனைப் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயரால் அறிமுகஞ் செய்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் செய்ததே, நம் நாட்டிற் பலர் இன்றும் சொல்லும் 'பெர்ஸ்பெக்ஸ்'. தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 92 சதவீதத்தை உட்செல்ல விடுவது. கண்ணாடியின் நிறையிற் பாதிக்கும் குறைவானது. உடைந்தாலும் ஊசிபோற் சிதறாது பெரிய துண்டுகளாகப் பிரிவது. இக்குணங்களால் இரண்டாம் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் விமானியறை மூடிகளுக்கு இது பெரிதும் உபயோகிக்கப்பட்டது.

இவ்விடத்தில் நம் ஊருக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை ஹரிக்கேன் என்னும் பிரித்தானியப் போர்விமானங்கள். அவற்றின் விமானியறை மூடியில் இருந்ததும் பெர்ஸ்பெக்ஸ் தகடே. அதே வகை விமானமொன்றை இங்கிலாந்தில் 1940 ஆகஸ்டில் ஓட்டிச் சென்ற கோர்டன் கிளீவர் என்பவரின் கண்களிலே, மூடி உடைந்து அதன் துணுக்குகள் பாய்ந்தன. அவருக்குப் பின்னர் சிகிச்சை செய்த ஹரோல்ட் ரிட்லி என்னும் கண் வைத்தியர், அத்துணுக்குகள் கண்ணுள்ளே தங்கியும் அழற்சியை உண்டாக்கவில்லை என்பதைக் கவனித்தார். அதன் பயனாக, 1949 நவம்பர் 29ஆந் திகதி லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில், கண்புரையுற்ற ஒருவரின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்சினாற் செய்த வில்லையை அவர் பொருத்தினார். இன்று உலகெங்கும் முதியோர் பார்வை பெறும் சத்திரசிகிச்சை அவ்வாறு தொடங்கியதே. போர்விமானத்துக்கு மூடியாகி, மனிதர் கண்ணுக்கு வில்லையாகிய பொருள், ஒரு கணினிக்குச் சாளரமாவதில் வியப்பென்ன?

செய்யும் முறை

3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு இவ்வேலைக்குப் போதும். 40 சென்ரிமீற்றர்ச் சதுரமான தகட்டின் நிறை ஏறக்குறைய 570 கிராம். அதே அளவுக் கண்ணாடியோ 1,200 கிராம். பெயர்ப்பலகை செய்வோரிடம் அறுத்து எஞ்சிய துண்டுகள் கிடைப்பதுண்டு. புதுத் தகடு வாங்குமுன் அங்கே கேட்டுப் பார்த்தல் நன்று.

முதலிற் பழைய பக்கத் தகட்டைக் கடதாசியின்மேல் வைத்து வரைந்து, திருகாணித் துளைகளையும் குறித்துக்கொள்க. தகட்டை மூடியுள்ள காப்புக் கடதாசியை வேலை முடியும்வரை உரிக்கலாகாது. இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கூரிய கத்தியால் ஒரே கோட்டின் மேல் பத்து முறையளவு கீறுக. தடிப்பில் மூன்றிலொரு பங்கேனும் கீறல் இறங்கியதும், மேசையின் விளிம்போடு கோட்டைப் பொருத்தி ஒரே அழுத்தாக அழுத்தினால் தகடு நேராகப் பிரியும். விசிறிக்கு வேண்டிய வட்டத்தை நுண்ணிய பற்களுள்ள சிறுவாளால் அறுத்தல் வேண்டும்.

துளையிடும்போது அவசரம் ஆகாது. தகட்டின் அடியில் மரத்துண்டொன்றை வைத்து, சிறிய துளையில் தொடங்கி, மெதுவாகப் பெரிதாக்குக. வேகம் மிகுந்தால் உஷ்ணத்தால் தூள் உருகித் துளைகருவியில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் மிகுந்தால் தகடு பிளக்கும். துளையானது விளிம்பிலிருந்து தன் விட்டத்தைப்போல் இரு மடங்கு தூரமேனும் உள்ளே இருக்க வேண்டும். அறுத்த விளிம்பைச் சொரசொரப்பான அரத்தாளில் தொடங்கி, வரவர மிருதுவான தாளால் நீர் தெளித்துத் தேய்த்தால் அது பளிங்குபோல் மின்னும்.

துளைகளைத் திருகாணியினும் சற்றுப் பெரிதாக இடுவதற்கும் காரணமுண்டு. அக்ரிலிக் இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரிவடையும் இயல்பினது. 40 சென்ரிமீற்றர் நீளமான தகடு, உஷ்ணம் 20 பாகை உயரும்போது அரை மில்லிமீற்றருக்கு மேல் நீள்கின்றது. இடங்கொடாது இறுக்கிய திருகாணி, சில மாதங்களிலே தகட்டில் வெடிப்பை உண்டாக்கும். பௌதிக வகுப்பிற் படித்த வெப்ப விரிவு ஈண்டு கைக்கும் கண்ணுக்கும் எட்டும் பாடமாகின்றது.

காக்க வேண்டியவை

அக்ரிலிக் கறள் பிடியாது. ஆயின், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் கறள் பிடிக்கும். உப்புத் துகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் மெல்லிய நீர்ப்படலமாகத் தங்குகின்றது. அப்படலத்தில் மின்சாரம் எளிதில் ஓடுவதால் இரும்பு விரைந்து அரிக்கப்படுகின்றது. ஆதலால் பழைய கறளைச் சுரண்டி, அறுத்த இடங்களுக்குக் கறள் தடுக்கும் பூச்சைப் பூசிய பின்னரே தகட்டைப் பொருத்த வேண்டும்.

கூடு முழுவதையும் அக்ரிலிக்காக மாற்றும் ஆசையை விடுக. அக்ரிலிக் எரியக்கூடிய பொருள். 100 பாகையை அண்மிக்கும்போது இளகத் தொடங்குவதும் ஆகும். மின்வழங்கியைச் சூழ்ந்த இரும்பு இருந்தபடியே இருத்தல் வேண்டும். இரும்புச் சுவர் கணினியின் மின்காந்த அலைகளை ஓரளவு தடுத்து, அருகிலுள்ள வானொலி இரைச்சலிடாமற் காப்பதுமுண்டு. ஒரு பக்கம் மட்டும் சாளரமாக இருப்பதே நிதானமான வழி. மின்வழங்கியை ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

காப்புக் கடதாசியை உரிக்கும்போது தகட்டில் நிலைமின் உண்டாகும்; அதனைக் கணினிக்கு வெளியே வைத்து உரித்து, ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பின் பொருத்துக. சவர்க்கார நீரும் மெல்லிய துணியுமே துப்புரவுக்குப் போதும். மதுசாரமோ 'தின்னர்' எண்ணெயோ பட்டால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். முன்புறம் தாழவுள்ள விசிறி காற்றை உள்ளிழுக்கவும், பின்புறம் உயரவுள்ள விசிறி வெளித்தள்ளவும் அமைத்தால் உஷ்ணம் தங்காது.

இதனால் யாது பயன்?

2022இல் நம் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது நின்றபோது, 200 ரூபாவளவில் இருந்த டொலரின் விலை சில வாரங்களில் 350 ரூபாவைக் கடந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனியாயிற்று. உள்ளதைச் சீர்செய்து ஆளும் திறமை வறுமைக்கு மட்டும் உரியதன்று, விவேகத்துக்கும் உரியது என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்தியது. அதே 2022இல் உலகம் முழுவதும் கழித்த மின்சாரப் பொருட்களின் நிறை 6 கோடியே 20 இலட்சம் தொன் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அதிற் கால்வாசிக்கும் குறைவானதே முறைப்படி சேர்க்கப்பட்டு மீளப் பயன்பட்டது. எஞ்சியதன் நஞ்சு எங்கோ ஒரு மண்ணிலும் நீரிலும் கலந்திருக்கின்றது.

இவ்விரண்டினும் பெரிதாக நாம் கருதுவது மாணாக்கரின் மனப்பான்மையை. மூடிய பெட்டியின் முன் அமர்ந்தவன் அதனை உபயோகிப்பவன் மட்டுமே. சாளரம் வைத்தவனோ, எது செயலி, எது நினைவகம், காற்று எவ்வழி செல்கின்றது, தூசு எங்கே சேர்கின்றது என்பதை நாள்தோறும் காண்கின்றான். தங்கை கேட்டால் சொல்வான். தந்தை கேட்டாலும் சொல்வான். விசிறி நின்றால் உடனே அறிவான். பழுது வந்தால் அஞ்சாமல் திருகாணியைக் கழற்றுவான். கடைக்காரர் தரும் கண்ணாடிப் பக்கமும் இதையே காட்டுமாயினும், தன் கையால் அளந்து, அறுத்து, தேய்த்துப் பொருத்தியவனுக்கு அப்பெட்டி எவ்வாறு உரிமையாகின்றதோ அவ்வாறு அது பிறர்க்கு ஆவதில்லை.

அடுத்த பாடசாலை விடுமுறையில், வீட்டிலுள்ள பெரியோர் ஒருவரின் துணையோடு, மூலையிற் கிடக்கும் அப்பழைய பெட்டியை மேசைக்குக் கொண்டு வருக. வேண்டியவை ஓர் அளவுகோலும், ஒரு கத்தியும், சற்றுப் பொறுமையுமே.