வெள்ளி ரூபாயில் ஆண்டும் அடையாளமும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் தன் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை வகுக்கும்வரை, வங்கத்தில் சிக்கா ரூபாயும் சென்னையில் ஆற்காடு ரூபாயும் பம்பாயில் சூரத் ரூபாயும் முகலாயப் பேரரசர்களின் பெயரைத் தாங்கியே வழங்கிவந்தன. புதிய ரூபாய் 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் உடையது. தோலா என்னும் நிறுத்தலளவும் இதே எடை கொண்டது. நாட்டு மருந்துக் குறிப்புகளில் வரும் ‘ரூபாய் எடை’யும் அதுவே. ஆகவே சேகரிப்பாளருக்கு முதலில் வேண்டிய கருவி நுண்ணிய தராசு.

அடுத்து வேண்டியது உருப்பெருக்கி. நாணயத்தில் பொறித்த ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டாகவே இருக்க வேண்டியதில்லை: விக்டோரியாவின் 1840 என்ற ஆண்டு 1861வரையும், 1862 என்ற ஆண்டு 1874வரையும் மாற்றமின்றித் தொடர்ந்தன. பின்னதில் பம்பாய் நாணயச்சாலை பின்புறத்தில் இட்ட நுண்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே அச்சு வேறுபாடுகளைப் பிரித்தறிகிறார்கள். ஒரே ஆண்டைக் காட்டும் இரு ரூபாய்களுக்கிடையே விலை பன்மடங்கு வேறுபடுவதற்கு இப்புள்ளிகளே காரணமாவதுண்டு. எந்த நாணயச்சாலை அடித்தது என்பதும் இப்படிப்பட்ட சிறு அடையாளங்களால்தான் தெரியவருகிறது. ஏழாம் எட்வர்டின் ரூபாயில் பம்பாய்க்கு உட்குழிந்த ‘பி’ எழுத்தும், ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயில் புடைத்த புள்ளியும் உண்டு. கல்கத்தா பெரும்பாலும் அடையாளமே இடவில்லை. சென்னை நாணயச்சாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டதால் இவ்வரிசையில் அதற்கு இடமில்லை. 1943இல் தொடங்கிய லாகூர் நாணயச்சாலை ‘எல்’ எழுத்தை இட்டது.

அதிகம் பேசப்படுவது 1911ஆம் ஆண்டு ரூபாய். அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் தொங்கும் சங்கிலியிலிருந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றியைப் போல் தோன்றியது. எதிர்ப்பு எழவே, புழக்கத்திற்குப் போகாத நாணயங்கள் உருக்கப்பட்டு, 1912இல் யானை திருத்தப்பட்டது. எனினும் இதன் விலையில் பாதி அதன் கதைக்குத் தரப்படுவது. உண்மையில் அரியது 1939 என்று பொறித்த ரூபாயே, ஏனெனில் அதில் பெரும்பகுதி வெளிவருமுன் உருக்கப்பட்டது. போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940இலிருந்து ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது; 1947இல் நிக்கல் முற்றாக அதன் இடத்தைப் பிடித்தது.

காலத்தால் படிந்த கருமையைப் புளியாலோ சாம்பலாலோ தேய்த்துப் பளபளப்பாக்குவது வீட்டு வழக்கமாயினும், நாணயத்திற்கு அதுவே பெருங்கேடு. மேற்பரப்பின் நுண்கோடுகள் அழிந்தபின், அரிய நாணயமும் சேகரிப்பாளர் கண்ணில் மதிப்பிழந்து, வெள்ளியின் எடை விலைக்கு அருகே இறங்கிவிடும்.