மலைச் சைக்கிளும் கண் பாதுகாப்பும்

கருவிழி கிழியக் கிளை நுனி ஒன்று போதும். எனினும், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் தங்கள் பிள்ளைக்கு விலையுயர்ந்த விளையாட்டுக் கண்ணாடிதான் வேண்டுமென்பதில்லை. லேத் பட்டறைத் தொழிலாளர் அணியும் மலிவான பாதுகாப்புக் கண்ணாடியே போதுமானது. அதன் சட்டத்தில் 'இசட்87+' என்னும் அமெரிக்கத் தரக்குறி உள்ளதா என்று பாருங்கள். கால் அங்குல எஃகுக் குண்டு விநாடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் மோதினும் உடையலாகாது என்பதே அக்குறியின் பொருள். சக்கரம் எறியும் சிறுகல் எம்மாத்திரம்!

வில்லை பாலிகார்பனேட்டாயின், புற ஊதாக் கதிரையும் அதுவே தடுக்கும். கறுப்புக் கண்ணாடி அழகுதான். ஆனால் மரநிழலில் புகுந்ததும் வேரும் பள்ளமும் தெரியாது. நிறமற்றதையே வாங்குங்கள். பக்கவாட்டில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என அணிவித்துப் பாருங்கள்.

பாலிகார்பனேட் எளிதில் கீறல் விழும். சேற்றைச் சட்டை நுனியால் துடைக்காமல், முதலில் நீரில் கழுவச் சொல்லுங்கள்.