நடக்காததற்கும் இறந்தகாலம்

'டாக்டர் வருவதற்கு முன் நோயாளி இறந்துவிட்டார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேட்' எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார் ஓர் ஆசிரியை. முந்தி நடந்தது எதுவோ அதற்குத்தான்; இங்கே இறப்புக்கு. ஆனால் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டும் எது முந்தி, எது பிந்தி என்று தாமே காட்டிவிடுகின்றன. அவை இருக்கும் இடத்தில் 'ஹேட்' விடுபட்டாலும் பிழையில்லை. 'வென்' வந்தால்தான் கவனம் வேண்டும். 'வென் ஐ அரைவ்ட், த ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால் நான் போனதும் ரயில் கிளம்பியது. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போகும் முன்பே அது போய்விட்டது.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 'பிஃபோர்'. இசையமைப்பாளர் மொசார்ட் 1791 டிசம்பர் 5 அன்று வியன்னாவில் இறந்தார். அவருடைய 'ரெக்வியம்' என்ற இசைப்படைப்பு பாதியில் நின்றது. மாணவர் சூஸ்மாயர்தான் பிறகு அதை நிறைவு செய்தார். இதை ஆங்கிலத்தில், 'மொசார்ட் டைட் பிஃபோர் ஹி ஃபினிஷ்ட் த ரெக்வியம்' என்பார்கள். 'ஃபினிஷ்ட்' இறந்தகால வினை. ஆனால் மொசார்ட் முடிக்கவே இல்லை!

என் தந்தை கடைப் பேரேட்டில் வரவு என்று எழுதினால் பணம் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். இறந்தகால வினையையும் நாம் அப்படித்தான் நம்புகிறோம். 'ஆஃப்டர்' அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது; அதை ஒட்டி வரும் செயல் நடந்தே இருக்கும். 'பிஃபோர்' அந்த உறுதியைத் தருவதில்லை. இவை இரண்டும் ஒன்றையொன்று அப்படியே திருப்பிப் போட்டவை அல்ல என்று தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கோம் 1964-இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

தமிழ் இந்த வேறுபாட்டை வடிவத்திலேயே காட்டுகிறது. 'முடித்த பின்' என்போம். 'முடித்த முன்' என்பதில்லை, 'முடிக்கும் முன்' என்றே சொல்வோம். அதுவரை நடக்காத செயலுக்கு நம் காது இறந்தகாலத்தை ஏற்பதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் பலர் 'பிஃபோர் ஹி ஃபினிஷ்' என்று எழுதுகிறார்கள். அது அறியாமையன்று, தாய்மொழி தந்த தர்க்கம். அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, காரணம் சொல்லாமல் அடுத்த 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வுக்குப் போவது அநியாயம்.

ஆசிரியர்களே, 'ஹேட்' சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் மொசார்ட் வாக்கியத்தை எழுதுங்கள். அவர் முடித்தாரா இல்லையா என்று வகுப்பைக் கேளுங்கள்.