செய்தியின் பின்னே ஒரு குரல்

உலகச் செய்திகள் பெரும்பாலும் எண்களாகவே இல்லங்களை வந்தடைகின்றன. போரில் மாண்டோர் இத்தனை ஆயிரம், வெள்ளத்தில் வீடிழந்தோர் இத்தனை ஆயிரம் என்று அறிவிப்பாளர் வாசித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி தொடங்கிவிடுகிறது. எண் ஒரு நிகழ்ச்சியின் அளவைக் கூறும்; அதன் சுமையைக் கூறாது. அச்சுமையைத் தாங்கியவரையே பேசச் செய்து, அவர் வாழும் இடத்தின் ஓசைகளோடு சேர்த்து நேயர் செவிக்குக் கொண்டுவரும் கலையே ஒலி ஆவணச் சித்திரமாகும். உரைச்சித்திரம் என்னும் பெயராலும் இதனை வழங்குவர்.

இது செய்தியறிக்கையினின்றும் வேறுபட்டது, நாடகத்தினின்றும் வேறுபட்டது. செய்தியறிக்கை நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறது. நாடகம் நடவாததையும் நடந்ததுபோல் நடித்துக் காட்டுகிறது. ஆவணச் சித்திரமோ நடந்ததை, அதனை அனுபவித்தவர் வாயிலாகவே கேட்கச் செய்கிறது. இக்கலை எவ்வாறு வளர்ந்தது, அதன் ஆற்றல் எத்தகையது, அதில் மறைந்துள்ள இடர் யாது என்பன எண்ணத் தக்கவை.

நிலையத்தை விட்டு வெளியேறிய ஒலிவாங்கி

வானொலியின் தொடக்க நாட்களில் பொது மக்களின் குரல் ஒலிபரப்பில் அரிதாகவே கேட்டது. பேசுவோர் நிலையத்திற்கு வந்து, முன்கூட்டியே எழுதி வைத்த உரையைப் படிப்பதே வழக்கம். இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர், மான்செஸ்டர் நகரில் பி.பி.சி. நிலையத்தில் பணியாற்றிய ஆலிவ் ஷாப்லி அம்மையார். ஒலித்தட்டில் பதிவு செய்யும் கருவியைச் சுமந்த பெரிய வண்டியுடன் அவர் ஊர் ஊராகச் சென்றார். 1939 ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளரின் மனைவியரைப் பற்றி ஒரு சித்திரத்தைத் தயாரித்தார். அதற்காக இங்கிலாந்தின் டரம் வட்டாரத்துச் சுரங்க ஊர்ப் பெண்ணொருவரைப் பிரான்சு நாட்டுச் சுரங்க ஊருக்கே அழைத்துச் சென்று, இரு நாட்டு அடுப்படிகளின் நிலையையும் ஒப்பிட்டுக் காட்டினார். நிலக்கரி உற்பத்தியைப் பற்றிய புள்ளிவிவரங்கள் சொல்லாத செய்தியை அப்பெண்களின் பேச்சு சொல்லிற்று.

போர்க்காலக் குரல்கள்

இரண்டாம் உலகப்போர் இக்கலைக்குக் கடுமையான சோதனையாக அமைந்தது. 1940 ஆகஸ்டு 24 ஆம் நாள் இரவு, அமெரிக்க ஒலிபரப்பாளர் எட்வர்டு மர்ரோ இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தருகே நின்று பேசினார். விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் ஒலிவாங்கியைத் தரையருகே தாழ்த்தி, பதுங்கிடம் நோக்கிச் செல்வோரின் காலடி ஓசையை அமெரிக்க நேயர்கள் கேட்கச் செய்தார். மக்கள் ஓடவில்லை, நடந்தே சென்றனர் என்பதை அவ்வோசையே அறிவித்தது. இலண்டன் மக்களின் மனவுறுதிக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1945 ஏப்ரல் 15 ஆம் நாள் ஜெர்மனியின் பெல்சன் சிறைமுகாம் பிரிட்டிஷ் படையினரால் விடுவிக்கப்பட்டது. அங்குச் சென்ற பி.பி.சி. நிருபர் ரிச்சர்டு டிம்பிள்பி, தாம் கண்ட கொடுமையை விவரித்து அனுப்பினார். அவ்வளவு கொடுமை நிகழ்ந்திருக்குமா என்று தலைமை நிலையம் தயங்கியது. வேறு சான்று கிடைக்கும்வரை பொறுத்திருக்க எண்ணியது. அவ்வுரை ஒலிபரப்பாகாவிடில் இனித் தாம் ஒலிபரப்புவதில்லை என்று டிம்பிள்பி உறுதியாக நின்றார். பின்னர் அவ்வுரை சுருக்கப்பட்ட வடிவில் ஒலிபரப்பாயிற்று. நேரில் கண்டவன் குரலுக்கு எத்துணை மதிப்பு உண்டு என்பதையும், அக்குரல் எளிதில் அடைபட்டுப் போகக்கூடும் என்பதையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது.

போர் முடிந்த மறு ஆண்டில், அமெரிக்க எழுத்தாளர் நார்மன் கார்வின் கம்பியில் ஒலியைப் பதியும் பளுவான கருவியுடன் உலகைச் சுற்றிப் புறப்பட்டார். நான்கு மாதங்களில் சுமார் 37,000 மைல் பயணம் செய்து, ஏறத்தாழ 100 மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தார். ஆட்சித் தலைவர்களோடு வீதியில் செல்வோரும் அதில் பேசினர். அது 1947 ஆம் ஆண்டில் 13 பகுதிகளாக ஒலிபரப்பப்பட்டது. போருக்குப் பின் உலகம் ஒன்றுபடுமா என்ற பெருங்கேள்விக்கு, போரினால் நொந்தவர்களிடமே விடை தேடிய முயற்சி அது.

நடிகர் வேண்டாம், அவரே பேசட்டும்

1957 பிப்ரவரி 9 ஆம் நாள் இங்கிலாந்தில் ஒரு சரக்கு இரயில் வண்டியின் நீராவிக் குழாய் வெடித்தது. கொதிக்கும் ஆவி ஓட்டுநர் அறை முழுவதையும் நிரப்பியது. தடைக்கருவியை இயக்க வழியில்லை. ஓட்டுநர் ஜான் ஆக்சன் தம் உதவியாளரைக் குதித்து இறங்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் வண்டியோடு இருந்தார். வழியிலிருந்த கைகாட்டிப் பணியாளரை எச்சரித்தார். மோதலில் உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

செய்தித்தாள்களில் சில வரிகளோடு முடிந்திருக்கக்கூடிய இவ்வரலாற்றைச் சார்லஸ் பார்க்கரும் யூவன் மக்காலும் பெக்கி சீகரும் ஒலிச் சித்திரமாக்கினர். ஆக்சனின் மனைவியும் உடன் பணிபுரிந்த தொழிலாளரும் பேசியவை 40 மணி நேரத்திற்கும் மேலாகப் பதிவாயின. தொழிலாளர் பேச்சைக் குறிப்பெடுத்து நடிகர்களைக்கொண்டு பேச வைப்பதே அந்நாளைய முறை. ஆனால் நாடாக்களைக் கேட்ட மக்கால், அத்தொழிலாளரின் பேச்சிலுள்ள உயிர் நடிகர் நாவில் வாராது என்று கண்டார். எனவே அவர்களுடைய குரல்களையே பாட்டோடும் இயந்திர ஓசையோடும் இணைத்தனர். 1958 ஜூலை 2 ஆம் நாள் அது ஒலிபரப்பாயிற்று. 1964 வரை இத்தகைய சித்திரங்கள் எட்டு வெளிவந்தன. மீனவர் வாழ்வைக் கூறும் சித்திரம் 1960 ஆம் ஆண்டில் பிரிக்ஸ் இத்தாலியா பரிசைப் பெற்றது.

ஒலிவாங்கி கைமாறியது

கருவி சிறிதாகச் சிறிதாக, அதனைப் பிடிக்கும் கையும் மாறிற்று. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டிருந்த காலத்தில், 2004 ஆம் ஆண்டு, அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜோ ரிச்மன் கேப் டவுன் அருகேயுள்ள கயலீட்சா குடியிருப்பைச் சேர்ந்த தெம்பி நுபானே என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் ஒலிப்பதிவுக் கருவியொன்றைத் தந்தார். அந்நோய்க் கிருமியைத் தாங்கியிருந்த அவர், ஓராண்டுக் காலம் தம் நாட்குறிப்பைக் குரலாலேயே எழுதினார். கண்ணாடி முன் நின்று தம் உடலிலுள்ள கிருமியோடு பேசுவதும், தமக்கு நோய் இருப்பதைத் தந்தையிடம் அறிவிப்பதும் அதில் கேட்கின்றன. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொது வானொலியில் அது ஒலிபரப்பாயிற்று. நோயை மறைத்து வாழ்வதே வழக்கமாயிருந்த ஓர் இடத்திலிருந்து, பெயரைச் சொல்லிப் பேசிய துணிவு அது. தெம்பி 2009 ஆம் ஆண்டில் 24 ஆம் வயதில் காலமானார். அவர் குரல் இன்றும் கேட்கிறது.

கத்தரிக்கோலின் அறம்

இக்கலையின் வலிமை எங்குள்ளதோ அங்கேயே அதன் இடரும் உள்ளது. நாற்பது மணி நேரப் பேச்சு ஒரு மணி நேரமாகச் சுருங்கும்போது, எதனை வைப்பது, எதனை நீக்குவது என்று முடிவு செய்பவர் தொகுப்பாளரே. இரண்டு வாக்கியங்களுக்கு இடையே இருந்த தயக்கத்தை வெட்டிவிட்டால், ஐயத்தோடு பேசியவர் உறுதியாகப் பேசியவராகிவிடுவார். அழுகையின் அடியில் சோக இசையைச் சேர்த்தால், நேயரின் மனம் தானே உணர்வதற்கு முன்னரே உணர்த்தப்பட்டுவிடும். துயருற்றவர் தம் நிலையை உலகம் அறியட்டும் என்று இசைந்து பேசுவது ஒன்று. நேயரை உருக்குவதற்காக அவர் துயரை எடுத்தாள்வது மற்றொன்று.

ஒருவர் குரலை அனைவரின் குரலாகக் கொள்ளும் பிழையும் உண்டு. ஓர் அகதித் தாயின் கதை அகதிகள் அனைவரின் கதையன்று. ஆகவே நல்ல சித்திரம் எண்ணைப் புறக்கணிப்பதில்லை. எண்ணை அருகில் வைத்துக்கொண்டே குரலைக் கேட்கச் செய்கிறது. எண்ணில்லாத குரல் வழி தவறச் செய்யும். குரலில்லாத எண் நெஞ்சைத் தொடாது.

பதிவாகாத குரல்கள்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு இதன் அருமையை உணர வெளிநாட்டு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1942 இலும் 1943 இலும் ஜப்பானியர் ஆட்சியில் அமைந்த சயாம் மரண இரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினராய் அடங்கிய ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அதனைப்போல் பல மடங்கினர். ஆயினும் உயிர் மீண்ட கைதிகள் நாட்குறிப்புகளையும் நூல்களையும் எழுதினர். அவர்களுடைய கதையை உலகம் அறிந்தது. எழுத்தறிவு வாய்க்காத தோட்டத் தொழிலாளரின் கதை பெரும்பாலும் அவர்களோடே மறைந்தது. இறந்தோரின் சரியான தொகையைக்கூட உறுதியாகச் சொல்ல இயலாத நிலை.

எழுதத் தெரியாதவருக்கும் பேசத் தெரியும். ஒலிப்பதிவுக் கருவியின் தனிப்பெருமை இதுவே. சிங்கப்பூரில் 1979 ஆம் ஆண்டு வாய்மொழி வரலாற்றுப் பிரிவு நிறுவப்பட்டபின், ஜப்பானியர் ஆட்சியை நேரில் கண்டவர்களின் நினைவுகள் பல மொழிகளில் திரட்டப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஆனால் இரயில் பாதை முடிந்து அதற்குள் முப்பத்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இடைக்காலத்தில் அடங்கிப்போன குரல்கள் எத்தனையோ.

இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளது. பெரிய வண்டியும் வேண்டியதில்லை; பளுவான கம்பிச் சுருளும் வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்கும் செவியும், கேட்டதைத் திரிக்காத நேர்மையுமே வேண்டும். வீட்டிலுள்ள முதியோரின் சொற்கள் வீட்டுக்கதையாக மட்டும் தோன்றலாம். நாளை வரலாறு எழுதுவோர்க்கு, எண்கள் சொல்லாததைச் சொல்லும் சான்று அதுவாகவே இருக்கும்.