இரும்பில்லாத அளவுச் சுருள்

திண்டுக்கல் சந்திப்பில் திருச்சி, கரூர், பழனி, மதுரை என நான்கு பக்கத்துப் பாதைகள் கூடுகின்றன. நான்கும் இன்று மின்மயம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மின்வாரியத்தின் 110 கிலோவோல்ட்டை வாங்கி இறக்கி இந்தக் கம்பிக்கு ஊட்டுபவை, பாதையோரம் பல கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ரயில்வே துணைமின் நிலையங்கள்.

6,000 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று முழுமூச்சில் இழுக்கும்போது சுமார் 200 ஆம்பியர் ஓடும். கம்பி அறுந்து விழுந்தால் ஓட்டம் ஆயிரக்கணக்கில் எகிறும். அப்போது பாதுகாப்பு ரிலே கணநேரத்தில் சுதாரித்து, ஓட்டத்தை அறுக்கும் பிரேக்கரைத் திறக்க வேண்டும். ரிலேவுக்குச் சேதி சொல்வது ஊழியர்கள் 'சி.டி.' என்றழைக்கும் மின்னோட்ட மின்மாற்றி. பீங்கான் கூடு, உள்ளே எண்ணெய், இரும்பு உள்ளகம். பெரிய ஓட்டத்தை 1 அல்லது 5 ஆம்பியராகச் சுருக்கித் தரும்.

சிக்கல் அந்த இரும்பில்தான். பழுது நேரத்தில் ஓட்டம் எகிறும்போது இரும்பு காந்தத்தால் நிறைந்துவிடும். அதற்கு மேல் ஏறுவதை அது காட்டாது. ஓட்டம் குறைவென்று நம்பும் ரிலே, பழுதையும் தொலைவில் இருப்பதாகக் கணக்குப் போடும்.

ஜெர்மனியின் வால்டர் ரோகோவ்ஸ்கி 1912இல் விவரித்த சுருளில் இரும்பே இல்லை. காந்தமாகாத வளையத்தின் மேல் மெல்லிய கம்பியைச் சீராகச் சுற்றி, அதன் நுனியை உள்வழியாகவே திருப்பிக் கொண்டுவருவார்கள். கடத்திக்கு அரைஞாண் கட்டுவதுபோல் அதைச் சுற்றி மாட்டலாம்; பிரித்து மாட்டும் வகையென்றால் கடத்தியை அறுக்க வேண்டியதில்லை. நிறைவுறும் பேச்சே கிடையாது. ஆனால் அது தருவது ஓட்டத்தை அல்ல, ஓட்டம் மாறும் வேகத்தை. அதுவும் சிறு மின்னழுத்தமாக. அதைத் தொகுத்து ஓட்டமாக்க மின்னணுச் சுற்று ஒன்று வேண்டும்.

'கையடக்க சென்சார்' என்ற விளம்பரங்கள் ஒன்றைச் சொல்வதில்லை: பழைய சி.டி. பெருத்திருப்பதற்கு இரும்பு மட்டுமல்ல, 25,000 வோல்ட்டைத் தாங்கும் காப்பும் காரணம். சுருள் சிறுத்தாலும் காப்பு சிறுக்காது. காப்புறை போர்த்திய கேபிளின் மேல் மாட்டினால் அந்தத் தொல்லை தீரும். 1845இல் ஃபாரடே கண்ட, காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் விளைவைக் கொண்டு கண்ணாடி இழையால் அளப்பது இன்னொரு வழி. இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது அதன் கூடுதல் லாபம்.

திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் திறந்தவெளிப் பெட்டிக்குள் அந்த மின்னணுச் சுற்று வெந்துபோகக் கூடாது. சூட்டில் சுருள் விரிவதால் வரும் பிழையையும் திருத்த வேண்டும். பாதுகாப்பு ரிலேவுக்குப் புதுச் சுருளைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிறு பிழையும் பணமாகும் என்பதால், மின்கட்டணம் கணக்கிடும் மீட்டருக்கு மட்டும் பழைய சி.டி. இன்னும் சில காலம் இருக்கட்டும் என்பதே என் கட்சி.